சாட்சியும் ஆட்சியும்!

பெற்றோர் பிள்ளைக்குப் பெயர் சூட்டும்போது, பின்னாளில் அந்தப் பெயர் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அரியானா மாநிலத்து ரோத்தக் மாவட்டத்திலே, மோக்ரா என்ற சிற்றூரில், 1992 செப்டம்பர் 3-ஆம் நாள் பிறந்த பெண் குழந்தைக்கு 'சாக்ஷி' என்று பெயரிட்டார்கள். நமது நீதிமன்ற வாசலிலே டவாலிச் சேவகர் மும்முறை கூவி அழைப்பாரே, அந்தச் சாட்சிதான்! கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டியவர் சாட்சி. மறைத்தால் குற்றம், மாற்றிச் சொன்னால் குற்றம். இந்தச் சாக்ஷிக்கு மட்டும், சொன்னதே குற்றமாகிவிட்டது!

சாக்ஷி மாலிக், ஒலிம்பிக் மற்போரிலே பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். பதக்கத்தோடு வந்த நாளில் அவரை நாட்டின் மகள் என்று நாவினிக்கப் பேசியவர்கள், நீதி கேட்டு வந்த நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதக்கத்தைப் பார்த்த கண்கள் கோடி. பிறகு நடந்ததைப் பார்த்தும் பாராதிருந்த கண்களும் கோடி! ஆகவேதான் இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

தந்தை டெல்லிப் பேருந்திலே நடத்துனர். தாய் அங்கன்வாடி மேற்பார்வையாளர். பாட்டனார் மற்போர் பழகியவர். ஊரார் அவருக்குத் தந்த மதிப்பைக் கண்டுதான் சிறுமிக்கும் அந்த ஆசை துளிர்த்தது. பன்னிரண்டு வயதிலே, ரோத்தக்கின் சோட்டு ராம் அரங்கத்திலே, ஈசுவர் தஹியா என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். பெண் பிள்ளைகளுக்கு மற்போர் கற்றுத் தருகிறான் பார் என்று ஊர் அவரை ஏசியது, எதிர்த்தது. அவர் கற்றுத் தந்தார்.

அது எப்படிப்பட்ட மண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆயிரம் ஆண்களுக்கு 879 பெண்களே இருந்த மாநிலம் அரியானா. ஆறு வயது வரையிலான பிள்ளைகளை மட்டும் எண்ணினால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகள். மீதிப் பெண்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் பிறக்கவே விடவில்லை! தாயின் வயிற்றிலேயே முதற்போரை நடத்தி வென்றுவிட்டுத்தான் அங்கே ஒரு பெண் மண்ணைத் தொடுகிறாள். அப்படி வந்தவள் அடுப்படிக்குப் போகாமல் ஆடுகளத்துக்குப் போனால், "காது நசுங்கிப் போகும், கை முரடாகிப் போகும், எவன் கட்டுவான்?" என்று கேட்கத் திண்ணைதோறும் ஆள் உண்டு. அந்தக் கேள்விக்கு வாயால் விடை சொல்லிக் கொண்டிருக்கவில்லை சாக்ஷி. 2014-இல் கிளாசுகோ காமன்வெல்த் போட்டியிலே வெள்ளி வென்றார்.

பிறகு வந்தது ரியோ.

2016 ஆகஸ்ட் 17. ஒலிம்பிக் விழா தொடங்கிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாட்டுக்கு ஒரு வெண்கலம்கூட இல்லை. 58 கிலோ எடைப் பிரிவிலே இறங்கினார் சாக்ஷி. சுவீடன் வீராங்கனையை 5-4 என்று வென்றார். மால்டோவா வீராங்கனையோடு 5-5 என்று சரிசமமாக நின்று, விதியின்படி வென்றார். காலிறுதியிலே ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் 2-9 என்று தோற்றார். தோற்றவர் ஊர் திரும்ப வேண்டியதுதானே? மற்போரிலே ஒரு நல்ல விதி இருக்கிறது. உன்னை வீழ்த்தியவர் இறுதிப் போட்டிவரை போனால், உனக்கு மறுவாய்ப்பு உண்டு. வல்லவரிடம் தோற்றாய், அதற்காக உன்னை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டோம் என்கிற விதி! கோப்லோவா இறுதிக்குப் போனார். சாக்ஷிக்குக் கதவு திறந்தது. மங்கோலியப் பெண்ணை 12-3 என்று வென்று, வெண்கலத்துக்கான ஆட்டத்திலே கிர்கிசுத்தானின் ஐசுலு தினிபெகோவாவை எதிர்கொண்டார்.

முதற்பாதி முடிந்தபோது சாக்ஷியின் கணக்கிலே பூச்சியம். எதிராளியின் கணக்கிலே ஐந்து. இருப்பதோ மூன்றே நிமிடம். அன்று மட்டும் அது அவருக்கு ஐந்தாவது ஆட்டம். தோள் வலிக்கும், மூச்சு வாங்கும். ஆனால் இரண்டாம் பாதியிலே கால்களைப் பற்றினார், சாய்த்தார், புள்ளிகள் ஏறின. ஐந்துக்கு ஐந்து! மணி முடியச் சில நொடிகளே இருக்கையிலே மறுபடி பாய்ந்து பிடித்தார். 7-5. எதிரணியார் தீர்ப்பை மறுத்து முறையிட்டார்கள். முறையீடு தோற்று, இன்னொரு புள்ளியும் சாக்ஷிக்கே வந்து சேர்ந்தது. 8-5!

இந்தியாவிலே அப்போது நள்ளிரவு கடந்து ஆகஸ்ட் 18 பிறந்துவிட்டது. வடநாட்டிலே அன்று ரக்ஷா பந்தன். உடன்பிறந்தாள் கயிறு கட்ட, உடன்பிறந்தான் 'உன்னைக் காப்பேன்' என்று வாக்களிக்கும் நாள். அந்த நாளிலே இந்தப் பெண் நாட்டின் மானத்தைக் காத்தார் என்று தலைவர்கள் தட்டிக் கொட்டினார்கள். 'மகளைக் காப்போம், மகளைப் படிக்க வைப்போம்' என்ற அரசுத் திட்டத்துக்கு அரியானாவிலே அவரையே விளம்பரத் தூதராக்கினார்கள். அந்த ஆண்டே கேல் ரத்னா; மறு ஆண்டு பத்மஸ்ரீ. மாலைகள், மேளங்கள், காசோலைகள், கைகுலுக்கல்கள்! பெண் சிசுவைப் பிறக்கவிடாத மண்ணிலே, பெண்ணொருத்தியின் படத்தைப் பேருந்து நிலையமெங்கும் ஒட்டிப் பார்க்க முடிந்தது. அதுவும் நல்லதுதான், நாம் குறை சொல்லவில்லை.

பின்னே சில ஆண்டுகள் இறங்குமுகம். டோக்கியோவுக்கான தகுதித் தேர்வுகளிலே, தம்மைவிட இளையவரான சோனம் மாலிக்கிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். ஓய்ந்தார் என்றார்கள். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் இறுதியாட்டத்திலே, கனடா வீராங்கனையிடம் 0-4 என்று பின்தங்கியிருந்தவர், இடைவேளைக்குப் பின் எதிராளியின் தோள்களை விரிப்பிலே அழுத்திப் பொன் வென்றார். பின்தங்கியபின் எழுவது அவருக்குப் பழகிப்போன வேலை. விரிப்பின்மேல் இருக்கும்வரையில்!

விரிப்பைவிட்டு வெளியே வந்த மற்போர் 2023 ஜனவரியிலே தொடங்கியது. சாக்ஷி மாலிக், வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரிலே அமர்ந்தார்கள். பத்தாண்டுக்கு மேலாக இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவரும், ஆளுங்கட்சியின் மக்களவை உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங், வீராங்கனைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. நம்பினார்கள், எழுந்து போனார்கள். மூன்று மாதம் ஓடியது. அறிக்கை மக்கள் கண்ணுக்கு வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் வெளிவந்தது: பெண்கள் பணியாற்றும் இடத்திலே இருந்தாக வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் உள்ளகப் புகார்க் குழு, உரிய முறையிலே அந்தக் கூட்டமைப்பில் அமைக்கப்படவே இல்லை. அடுப்பே இல்லாத வீட்டிலே, ஏன் சமைக்கவில்லை என்று மருமகளைக் கேட்பதுபோல, "ஏன் முன்பே புகார் சொல்லவில்லை?" என்று இந்தப் பெண்களைத்தான் கேட்டார்கள்!

ஏப்ரல் 21-ஆம் நாள், சிறுமி ஒருவர் உட்பட ஏழு பேர் டெல்லிக் காவல் நிலையத்திலே எழுத்து மூலம் புகார் தந்தார்கள். பதிவாகவில்லை. 23-ஆம் நாள் மறுபடியும் தெருவிலே அமர்ந்தார்கள். உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான், 28-ஆம் நாள் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. ஒலிம்பிக் பதக்கம் கழுத்திலே தொங்குகிறவர்களுக்கே ஒரு காகிதத்தில் முத்திரை குத்த ஒரு வாரமும் ஓர் உச்சநீதிமன்றமும் தேவைப்பட்டனவென்றால், பதக்கம் இல்லாதவர்கள் கதி என்ன? பண்ணையார் வீட்டுக்கு எதிராகப் புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துப் படியேறுகிற ஏழைப் பெண்ணின் கதி என்ன?

தெருவுக்கு வந்து நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள், ஒழுங்கு மீறல் என்றார் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா. ஒருகாலத்திலே ஓடுகளத்தில் நாடே அண்ணாந்து பார்த்த பெண்மணி! பிறகு அவரே பந்தலுக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆனால் 'ஒழுங்கு' என்ற சொல்லை நாம் நன்கறிவோம். சேரிக்காரன் செருப்பணிந்து தெருவிலே நடந்தபோதும் ஒழுங்கு கெட்டது என்றார்கள். பெண் பள்ளிக்கூடம் போனபோதும் ஒழுங்கு கெட்டது என்றார்கள். கீழே இருப்பவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மேலே இருப்பவருக்கு ஒழுங்கு நினைவுக்கு வந்துவிடுகிறது!

இனி அந்த மே 28.

அன்றுதான் டெல்லியிலே நாடாளுமன்றத்தின் புதிய கட்டிடம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆதீனங்கள் வானூர்தியிலே போயிருந்தார்கள். மந்திரம் ஓதப்பட்டது. செங்கோல் என்று ஒன்றைக் கொண்டுபோய்ப் பேரவைத் தலைவரின் இருக்கை அருகே நாட்டினார்கள். தமிழகத்தின் பெருமை தலைநகரிலே நிமிர்ந்தது என்று முழங்கினார்கள். அதே நாளிலே, அதே நகரிலே, அந்தக் கட்டிடத்தை நோக்கி நடந்த மற்போர் வீராங்கனைகளைக் காவலர்கள் மடக்கினார்கள், தரையிலே தள்ளினார்கள், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஜந்தர் மந்தரிலிருந்த அவர்களின் பந்தல் பிரிக்கப்பட்டது. ஏழு பெண்களின் புகாரைப் பதியத் தாமதித்த காவல்துறை, நீதி கேட்டு நடந்தவர்கள்மீது அன்றைக்கே கலவரக் குற்றம் சேர்த்து வழக்குப் பதிந்தது. அங்கே ஒரு வாரம். இங்கே ஒரு மாலைப்பொழுது! குற்றம் சாட்டப்பட்டவரோ, உறுப்பினர் என்ற முறையிலே விழா நடந்த கட்டிடத்துக்குள் இருந்தார்.

செங்கோலை நாட்டியவர்களுக்கு அதன் கதை தெரியாது போலும். தமிழனுக்குத் தெரியும். மதுரையிலே ஒரு பெண் வந்தாள். தலைவிரி கோலம், கையிலே ஒற்றைச் சிலம்பு. காலிலே அணிவதைக் கையிலே ஏந்தி, நீதி கேட்டு வந்தாள். வாயிற்காவலன் என்ன செய்தான்? அவளைத் தூக்கி வண்டியில் எறியவில்லை. உள்ளே போய் மன்னனிடம் சொன்னான். மன்னன் என்ன செய்தான்? அவளை உள்ளே வரச் சொன்னான். நீ யார் என்று கேட்டான். அவள் சொன்னதைக் கேட்டான். சான்றை எடுத்து வைத்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், தன் கோல் வளைந்ததை உணர்ந்து அரியணையிலேயே உயிரை விட்டான். தவறிழைத்த பாண்டியன்தான், ஆனாலும் கேட்கும் செவி அவனுக்கு இருந்தது. கோலை மட்டும் எடுத்துப் போனவர்கள், அந்தச் செவியையும் அல்லவா மதுரையிலிருந்து எடுத்துப் போயிருக்க வேண்டும்!

இரண்டு நாள் கழித்து, மே 30-இல், பதக்கங்களைக் கங்கையிலே எறிந்துவிடுவது என்று அரித்துவாரம் போனார்கள். கங்கையிலே முழுகினால் பாவம் தொலையும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பாவம் செய்தவர்கள் முழுகட்டும். பதக்கம் என்ன பாவம் செய்தது? உழவர் தலைவர் நரேஷ் திகாயத் வந்து, ஐந்து நாள் பொறுங்கள் என்று அவற்றைக் கையிலே வாங்கிக்கொண்டார். தெருவிலே அமர்ந்திருந்த மகளுக்கு ஆறுதல் சொல்ல அரியணைக்காரர் வரவில்லை, ஏர்க்காரர் வந்தார்.

ஜூன் 15-ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண்மீது குற்றச்சாட்டுகளை வனைந்தது. தாம் குற்றவாளியல்லர் என்றார் அவர். சிறுமி தொடர்பான வழக்கிலே, அந்தக் குடும்பமே முதலில் சொன்னதிலிருந்து விலகியது. அதை முடித்துக்கொள்ளலாம் என்ற காவல்துறை அறிக்கையை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றது. இதையும் மறைக்காமல் எழுதுகிறோம். தண்டிப்பதோ விடுவிப்பதோ நீதிமன்றத்தின் வேலை. ஏட்டின் வேலை அன்று. நாம் கேட்பது வேறு. புகார் சொன்னவர்களை ஆட்சி நடத்திய விதம் பற்றிக் கேட்கிறோம். அதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; நாடே கண்ணால் கண்டது.

2023 டிசம்பர் 21. கூட்டமைப்புக்குத் தேர்தல். பிரிஜ் பூஷணுக்கு நெருங்கியவரான சஞ்சய் சிங் நாற்பது வாக்குகள் பெற்றுத் தலைவரானார். வீராங்கனைகள் ஆதரித்த அனிதா ஷியோரன், தாமும் மற்போர் ஆடி வென்ற பெண், பெற்றவை ஏழு. ஓட்டுப் போட்டவர்கள் யார்? மாநிலச் சங்கங்களின் நிர்வாகிகள். மற்போர் ஆடுகிற பெண்ணுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆடுகிறவள் ஒருத்தி, ஆட்டி வைக்கிறவர்கள் வேறு!

அன்று மாலை டெல்லியிலே செய்தியாளர் கூட்டம். சாக்ஷி பேசினார், கண் கலங்கியது, இனி மற்போர் ஆடமாட்டேன் என்றார். பையிலிருந்து தம் காலணிகளை எடுத்தார். மற்போர்க் காலணிகள். ரோத்தக்கிலே வெறும் பன்னிரண்டு வயதிலே தொடங்கிய ஓட்டமெல்லாம் அந்த ஒரு சோடியிலே முடிந்ததுபோல, அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. காலிலே அணிந்ததை எடுத்து வைத்து நீதி கேட்டவள் மதுரையிலே ஒருத்தி, டெல்லியிலே ஒருத்தி. மறுநாள் பஜ்ரங் தமது பத்மஸ்ரீ விருதைத் தெருவோரத்திலே விட்டுவிட்டுப் போனார். சில நாளிலே வினேஷும் தம் விருதுகளைத் திருப்பினார். மூன்றே நாளில் புதிய நிர்வாகத்தை அமைச்சகம் நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சிலே அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. காலணிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"எல்லாம் அரசியல்!" என்றொரு வாதம் உண்டு. வினேஷும் பஜ்ரங்கும் 2024 செப்டம்பரிலே காங்கிரசிலே சேர்ந்தார்கள். வினேஷ் அரியானாச் சட்டமன்றத்துக்கும் போனார். பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். கட்சி ஏட்டிலே எழுதுகிற நமக்கு அரசியல் என்பது கெட்ட வார்த்தையாகத் தோன்றவில்லை. நீதி கேட்டுக் கிடைக்காதவர்கள் அதிகாரம் கேட்கப் போவதிலே என்ன வியப்பு? ஆனால் சாக்ஷி எந்தக் கட்சியிலும் அப்போது சேரவில்லை. அதுமட்டுமா? 2023 ஆசிய விளையாட்டுக்கான தேர்விலே, வினேஷுக்கும் பஜ்ரங்குக்கும் தகுதிப் போட்டியின்றி நேரடி வாய்ப்பு தரப்பட்டபோது, அப்படிப்பட்ட சலுகை தமக்கு வேண்டாம் என்று ஒதுங்கியவர் அவர். பின்னர் 2024-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலிலே, அந்தச் சலுகை போராட்டத்தின் பெயரைக் கெடுத்தது என்றும் எழுதினார். தோளோடு தோள் நின்ற தோழர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் வருந்தினர். எதிரியைப் பற்றி மட்டும் உண்மை பேசுவதற்குச் சாட்சி எதற்கு? அந்த நூலுக்கு அவர் இட்ட பெயரும் சாட்சி என்றே பொருள்படும்.

"முன்பே ஏன் சொல்லவில்லை?" என்ற அந்தக் கேள்விக்கு வருவோம். பயிற்சி முகாமுக்கு யார் வரலாம் என்று முடிவு செய்வது கூட்டமைப்பு. தகுதிப் போட்டியை நடத்துவது கூட்டமைப்பு. வெளிநாட்டுக்கு யாரை அனுப்புவது, யாருக்கு விளக்கக் கடிதம் அனுப்புவது, யாரைத் தடை செய்வது, அனைத்தும் கூட்டமைப்பு. மற்போர்ப் பெண்ணின் ஆட்டக்காலமோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அதிலே ஓராண்டு விலக்கி வைத்தால் ஓர் ஒலிம்பிக் போயிற்று. பேருந்து நடத்துனரின் மகள், உழவனின் மகள், தகப்பனை இழந்த மகள் இவர்களெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? கோழி, நரியைப் பற்றிய புகாரை நரியிடமே தர வேண்டும் என்பதுதானே ஏற்பாடு!

2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை வேண்டும், குறை தீர்க்க வழி வேண்டும், சச்சரவுகளுக்குத் தீர்ப்பாயம் வேண்டும், நிர்வாகக் குழுவிலே பெண்கள் வேண்டும் என்றெல்லாம் அதிலே எழுதியிருக்கிறார்கள். வரவேற்போம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நல்ல வரிகள் இருந்தன. கூட்டமைப்பு அலுவலகத்திலே அந்த வரிகளைப் படிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே நாம் கேட்பது சிறியது. ரோத்தக்கிலே இன்று காலை விரிப்பிலே இறங்கிய பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, நாளை ஒரு தீங்கு நேர்ந்தால், அவள் மனுவை வாங்குகிற கை எது? அவளைப் போட்டிக்கு அனுப்பிக் கையெழுத்திடுகிற கையாக அது இருக்கக் கூடாது. அவள் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருகிற கையாக இருக்கக் கூடாது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் பெயரும், அவர் அமர்ந்திருக்கும் அறையின் முகவரியும், ஒவ்வொரு பயிற்சிக் களத்துச் சுவரிலும், அவள் படிக்கக்கூடிய மொழியிலே எழுதியிருக்க வேண்டும். சாக்ஷியின் படத்தை ஒட்டச் சுவர் கிடைத்ததே, இதை எழுத அதே சுவரிலே ஒரு முழம் இடம் கிடைக்காதா?